நாலும் ஒரே சூடு

வாகனக் கம்பனி ஒன்றை முப்பது வருசத்துக்குக் கிட்ட நடத்திய எனக்கு, மலைரோட்டில் வாகனத்தில் போனால் வாந்தி வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் மிச்சத்தைப் படித்தால் என்னை ஒரு பெரிய மனுசன் என்று நினைத்துவிடுவீர்கள்.

இப்போது கம்பனியின் தலைவர் என் மகள் தர்ஷினி. வாகன இறக்குமதியை அரசாங்கம் திரும்பத் திறந்துவிட்டதும், யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் எங்கள் பழைய கராஜுக்குப் பக்கத்திலேயே மின்சார வாகனங்களுக்கு ஒரு ஷோரூம் கட்டிவிட்டாள். திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறாளாம். அதில் இரண்டு பக்கம் எனக்கு. கேள்விகளை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். உங்கள் தொலைநோக்கு என்ன? சந்தித்த சவால்கள் எவை? எடுத்த மிகத் துணிச்சலான முடிவு எது? வேறு யாருக்கோ போகவேண்டியது தவறி எனக்கு வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கீழே "அப்பா, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்" என்று இருந்தது. சரி, எனக்குத்தான்.

என் அப்பா முத்துவேலு ஒரு ரப்பர் தோட்டத்து லொறியில் கிளீனராகத் தொடங்கியவர். பிறகு ட்ரைவரானார். பிறகு சொந்தமாக ஒரு கராஜ், அதற்குப் பிறகு லொறிக்கும் பஸ்ஸுக்கும் பொடி, அதாவது மேல்கூடு, கட்டுகிற பட்டறை, கடைசியில் வேன், ட்ராக்டர் விற்பனை. பலகையில் "முத்துவேலு அண்ட் சன்ஸ்" என்று எழுதவைத்தார். ஆனால் மகன் என்று இருந்தது நான் ஒருவன்தான். எனக்கு நாலு அக்காமார். மூன்றாவது அக்கா கண்ணை மூடிக்கொண்டு கார்பரேட்டரைக் கழற்றிப் பூட்டுவாள். எனக்கு அது எஞ்சினில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே நிச்சயமில்லை. அக்காவைக் கட்டிக்கொடுத்து ரம்புக்கனைக்கு அனுப்பினார்கள். கதிரையில் என்னை உட்காரவைத்தார்கள்.

உட்காரவைக்கும் முன் கொழும்பில் இரண்டு வருசம் முகாமைத்துவம் படிக்கவைத்தார்கள். திரும்பி வரும்போது ஒரு டையும் ஒரு தோல் பையும் கொண்டுவந்தேன். அப்பா டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது ஃபேன் பெல்ட்டுல மாட்டிக்காம பாத்துக்க" என்றார். அடுத்த ஆறு மாதம் வண்டிகளுக்கு அடியில் படுத்து வேலை பழகினேன். கிரீஸ் பட்டால் எனக்குக் கை முழுக்கத் தடிப்பு வரும் என்பது மட்டும் அதில் தெரியவந்தது. அதைக் கண்டு யாரும் ஆச்சரியப்படவில்லை. "படிச்ச பிள்ளை, ஒபிஸ்ல இருக்கட்டும்" என்று எல்லாரும் மரியாதையாகவே சொன்னார்கள்.

அப்பாவின் குணத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் சத்தம் போட்டு யாரையும் ஏசியதில்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். பெற்ற மகனான என்னை "வாங்க, உக்காருங்க, சொல்லுங்க" என்பார். அவர் "ங்க" போட்டுப் பேசினால் பட்டறையில் சுத்தியல் சத்தம் தானாக நின்றுவிடும்.

இன்னொன்று, அவருடைய பிரேக் பார்க்கிற முறை. கராஜில் பிரேக் வேலை செய்த எந்த வாகனத்தையும் அவர் அப்படியே கொடுக்கமாட்டார். கித்துல்கலையைத் தாண்டி, கினிகத்தேனைப் பக்கம் ஏறுகிற மலைரோட்டுக்குக் கொண்டுபோவார். ஓட்டுவது அந்தோணி பாஸ். எங்கள் பக்கத்தில் தலைமை மெக்கானிக்கை பாஸ் என்றுதான் கூப்பிடுவது. பக்கத்து சீட்டில் அப்பா. ஏற்றத்தில் ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டுவிட்டு இரண்டு பேரும் பேசாமல் இருப்பார்கள். அப்பா வெற்றிலை மடித்து வாயில் போட்டு, ஒரு தரம் துப்பி முடிக்கும் வரை வண்டி அசையக்கூடாது. பிறகு திருப்பிக்கொண்டு இறக்கம். இறக்கத்தில் மூன்று இடத்தில், அந்தோணி எதிர்பார்க்காத நேரம் பார்த்து, அப்பா "ம்" என்பார். அந்தோணி மிதிப்பார். வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அப்பா உடம்பாலேயே தெரிந்துகொள்வார்.

அடிவாரத்துக்கு வந்ததும் இறங்கி, நாலு சக்கரத்துக்கும் ஒவ்வொன்றாகப் போவார். புறங்கையைச் சக்கரத்துக்குள் இருக்கிற பிரேக் டிரம்முக்குக் கிட்டே பிடிப்பார். தொடமாட்டார், தொட்டால் தோல் உரிந்துவிடும். நாலும் ஒரே அளவு சூடாக இருந்தால் நாலும் வேலை செய்கிறது. ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால் அது பிடிக்கவே இல்லை, மற்ற மூன்றும் அதன் பாரத்தையும் சேர்த்து இழுத்திருக்கின்றன. சமதரையில் மூன்று சக்கரம் பிடித்தாலே வண்டி நின்றுவிடும், வித்தியாசம் தெரியாது. இறக்கத்தில்தான் தெரியும். எல்லாம் சரியென்றால் கராஜுக்கு வந்து ட்ரயல் புத்தகத்தை எடுத்து, வண்டி நம்பரைப் போட்டு, "ஏறிப் போனேன். நாலும் ஒரே சூடு" என்று எழுதிக் கையெழுத்து வைப்பார்.

முதலாளி ஏறாத வண்டியை யாரும் மலை இறக்கக்கூடாது என்பது அவருடைய கட்டளை. ஏன் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. வாடிக்கையாளருக்குக் காட்டுகிற படம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முகாமைத்துவத்தில் அதற்கு ஒரு பெயர்கூடச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அப்பா போன பிறகு அந்தச் சீட்டு எனக்கு வந்தது. முதல் நாள் ஒரு லொறி. இரண்டாவது வளைவில் "ம்" சொல்ல வாயைத் திறந்தேன், வந்தது வேறு. அந்தோணி பாஸ் வண்டியை ஓரங்கட்டினார். அடுத்த நாளிலிருந்து அவருடைய சட்டைப் பையில் மடித்த ஷொப்பிங் பேக் ஒன்று எப்போதும் இருக்கும். அடிவாரத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் எங்கள் வண்டியைக் கண்டதும் கேட்காமலே எலுமிச்சைச் சாறு கரைப்பார். பட்டறையில் பையன்கள், "மொதலாளி எங்க?" என்று யாராவது கேட்டால், "இயற்கைய ரசிக்கப் போயிருக்காரு" என்பார்கள். எனக்குக் கேட்கும் என்று தெரிந்துதான் சொல்வார்கள்.

நாலைந்து வருசம் ஒழுங்காக ஏறினேன். பிறகு மெல்ல மெல்லக் குறைத்தேன். முதலில் சின்னக் கார்களை விட்டேன், பிறகு வேன்களை. அந்தோணி பாஸ் ஆற்றுப் பாலம் வரைக்கும் சமதரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவார். நான் கதிரையில் இருந்தபடியே மலைக்கு ஏறி இறங்கி, நாலு டிரம்முக்கும் புறங்கை பிடித்து, "ஏறிப் போனேன். நாலும் ஒரே சூடு" என்று எழுதிவிடுவேன். அப்பாவின் கையெழுத்தைவிட என்னுடையது அழகாக இருக்கும்.

இனி அந்த பஸ்ஸைப் பற்றி. மேலே ஒரு தோட்டத்துப் பிள்ளைகளைக் கடைவீதிப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிற சின்ன பஸ் அது. ட்ரைவர் தங்கராஜ் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே பிறந்து வளர்ந்தவர். பஸ்ஸின் சொந்தக்காரர் வேறு ஒருவர். பள்ளி விடுமுறையில் பிரேக் வேலைக்கு எங்களிடம் விட்டிருந்தார்கள். வேலை முடிந்த அன்று எனக்கு ஒரு கல்யாணச் சாப்பாடு. மணி இரண்டரை இருக்கும், இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு ஒபிசுக்குள் வந்து பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தோணி பாஸ் வாசலில் வந்து நின்றார்.

"மொதலாளி, பிள்ளைங்க போற பஸ்ஸு. ஒரு தரம் மல வரைக்கும் போயிட்டு வந்திருவோமா?"

"பாலம் வரைக்கும் போயிட்டு வாங்க பாஸ். நல்ல வேலதானே செஞ்சிருக்கீங்க."

"வேல செஞ்சது நாந்தாங்க. அதனாலதான் கேக்குறேன்."

"சாப்பிட்டு வந்திருக்கேன் பாஸ். உங்களுக்குத் தெரியாததா?"

அவர் மேசையிலிருந்த பஸ் சாவியை எடுத்தார். பிறகு போனார். அவர் பாலத்திலிருந்து திரும்பி வரும் முன்பே நான் புத்தகத்தில் எழுதிவிட்டேன். மறுநாள் காலை தங்கராஜ் வந்து பஸ்ஸை எடுத்துப்போனார்.

பள்ளிக்கூடம் தொடங்கிய இரண்டாம் நாள் காலை, பிள்ளைகளோடு இறக்கத்தில் வரும்போது பிரேக் பெடல் பிடிக்காமல் கீழே போய்விட்டது. தங்கராஜ் பள்ளத்துப் பக்கம் விடாமல், பஸ்ஸை மலைப் பக்கத்து மண்மேட்டில் உரசவிட்டு, மோதி நிறுத்தியிருந்தார். ஒரு பெண்பிள்ளைக்குக் கை முறிந்தது. இரண்டு பேருக்கு நெற்றியில் தையல். தங்கராஜுக்குக் காறை எலும்பு உடைந்தது. எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். அதைக் கேட்டதும் ஒபிஸ் சுவாமி படத்துக்குக் கற்பூரம் கொளுத்தினேன். ஆனால் அந்தக் கற்பூரம் அணைவதற்குள்ளேயே நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

பொலிசார் வந்து, பிரேக் வேலை இங்கேதான் செய்ததா என்று கேட்டார்கள். நான் ட்ரயல் புத்தகத்தை எடுத்து நானே அவர்கள் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போது, "எங்க கம்பனியில ஒரு முறை இருக்கு, முதலாளி ஏறாம எந்த வண்டியும் வெளிய போகாது" என்று விளக்கம் வேறு சொன்னேன். பழக்கதோசத்தில் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பழக்கதோசம் இல்லை. பயம். அவர்கள் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு, புத்தகத்தை மரியாதையோடு திருப்பித் தந்தார்கள்.

பிரேக் நல்லாயிருந்தது என்று எழுத்தில் இருந்தால், மிச்சம் ட்ரைவர்தான். சாயங்காலத்துக்குள் கடைவீதி தீர்ப்புச் சொல்லிவிட்டது. குடியே பழகாத மனிதரைக் குடித்துவிட்டு ஓட்டினார் என்றார்கள். எங்கள் வக்கீல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இருக்கும்வரை உங்களுக்கு ஒன்றும் வராது. நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்" என்றார். அந்த வேலை எனக்கு நன்றாக வரும்.

மறுநாள் பிஸ்கட்டும் தோடம்பழமும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தங்கராஜ் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"இருங்க தங்கராஜ், இருங்க."

"பிள்ளைங்களுக்கு எப்பிடி இருக்குங்க மொதலாளி? அந்தக் கை முறிஞ்ச புள்ள?"

"கட்டுப் போட்டிருக்காங்க. நல்லாயிருக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் மிதிச்சேனுங்க. கடைசி வரைக்கும் மிதிச்சதாத்தான் நெனப்பு. ஆனா பொலிஸ் மஹத்தயா அந்தத் தாளக் காட்டுனாரு. மொதலாளியே ஏறிப் போயி, நாலும் ஒரே சூடுன்னு எழுதியிருக்கீங்க. நீங்க எழுதியிருந்தா அது சரியாத்தானே இருக்கும். அப்ப நாந்தான் பதட்டத்துல க்ளச்ச மிதிச்சிட்டேன் போலருக்கு. கோட்டுல குத்தத்த ஒத்துக்கிறேன்னு சொல்லிட்டேனுங்க. லைசன் போனா போகட்டும். பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுத் தப்பா மிதிச்ச காலு, இனி எதுக்கு?"

அவர் என்மேல் பழி போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். இந்த மனிதர் என் எழுத்தை நம்பி, தன் காலைச் சந்தேகப்படுகிறார். "ஓய்வெடுங்க தங்கராஜ்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தோடம்பழப் பையைக்கூட அவர் கையில் கொடுக்க மறந்து, திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

மூன்று நாள் அப்படியே போனது. ஒபிசுக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். பட்டறையில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அந்தோணி பாஸ் மட்டும் "மொதலாளி" என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு "சேர்" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். மூன்றாம் நாள் காலை ஒரு வேனுக்குப் பிரேக் வேலை முடிந்திருந்தது. அவர் ட்ரயல் புத்தகத்தை விரித்து, பேனையையும் மேலே வைத்து, என் மேசையில் வைத்தார்.

"சேர், சைன் பண்ணுங்க. பாலம் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன்."

பேனையை எடுத்தேன். "ஏறிப்" வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை. எனக்கு அழுகை வந்தது. அந்தோணி பாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அவர் அந்தப் புத்தகத்தை வேண்டுமென்றேதான் கொண்டுவந்து வைத்தார் என்று நான் நினைக்கிறேன். கேட்டதற்கு, பல வருசம் கழித்தும், "வேன் அவசரமுன்னாங்க" என்றுதான் சொன்னார்.

பொலிஸ் நிலையம் பக்கத்தில்தான். நடந்தே போனேன். பொறுப்பதிகாரி சிங்களவர், நல்ல மனிதர். நான் சிங்களத்திலேயே சொன்னேன். அந்தப் பக்கத்தில் இருப்பது பொய், நான் அந்த பஸ்ஸில் ஏறவே இல்லை, மலை இறக்கிப் பார்க்கவே இல்லை என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"ஏய் மஹத்தயா கியே நெத்தே?"

ஏன் போகவில்லை என்று கேட்கிறார். "வமனே யனவா சேர்" என்றேன். வாந்தி வரும். அவர் என்னைப் பார்த்தார், சுவரில் தொங்கிய எங்கள் கம்பனிக் கலண்டரைப் பார்த்தார். நாங்கள்தான் வருசா வருசம் கொடுப்பது, மலைரோட்டில் ஒரு பஸ் ஏறுகிற படம் போட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு, அதையும் அப்படியே வாக்குமூலத்தில் எழுதி, எனக்கு வாசித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கினார். என் வாழ்க்கையில் நான் உண்மையாகப் போட்ட கையெழுத்துகளில் அது முக்கியமான ஒன்று.

பிறகு பஸ்ஸைக் கழற்றிப் பார்த்தார்கள். பின்பக்கத்து இடது சக்கரத்தில் பிரேக் எண்ணெய் கசிந்திருந்தது, அது பிடிக்கவே இல்லை, கசிவு கூடியதும் பெடலும் கீழே போயிருக்கிறது. ஒரே ஒரு தரம் மலை இறக்கிப் புறங்கையைப் பிடித்திருந்தால் தெரிந்திருக்கும். தங்கராஜ் மேல் இருந்த வழக்கை எடுத்துவிட்டார்கள், கோட்டில் நான் நின்றேன். இரண்டு வருசத்துக்குக் கிட்ட எந்தத் தோட்டமும் எங்களிடம் வண்டி விடவில்லை. கடைவீதியில் "வாந்தி மொதலாளி" என்ற பெயர் நிலைத்துவிட்டது, இன்றைக்கும் ஓட்டோக்காரர்களிடம் முத்துவேலு அண்ட் சன்ஸ் என்று கேட்டால் யோசிப்பார்கள், இந்தப் பெயரைச் சொன்னால் நேரே கொண்டுவந்து விடுவார்கள். அன்றிலிருந்து ஓய்வுபெறும் வரைக்கும் பிரேக் வேலை செய்த ஒவ்வொரு வண்டியிலும் ஏறினேன். ஒருநாளும் வயிறு பழகவில்லை. அப்பா ஏன் அந்தக் கட்டளை வைத்தார் என்று எனக்கு விளங்கியது அப்போதுதான். ஒரு தொழிலாளியை அந்த இறக்கத்தில் தனியாக அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

தர்ஷினியிடம் இதைச் சொன்னபோது, "அப்பா, இதுதான் உங்கட துணிச்சலான முடிவு. பொலிசுக்குப் போனதோட முடிச்சிடுங்க, நல்லாயிருக்கும்" என்றாள். அவள் சொல்வது சரிதான், அங்கே முடித்தால் நான் ஒரு நல்ல மனிதனாகத் தெரிவேன். ஆனால் பொலிசுக்குப் போனதற்கு அடுத்த நாள் நான் தங்கராஜைப் பார்க்கப் போனேன். அதையும் எழுதாமல் விட எனக்கு மனமில்லை.

நான் தோடம்பழத்தோடு போய் வந்த அன்றைக்கே ஆஸ்பத்திரியில் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தோணி பாஸ் ஓட்ட, லயத்துக்குப் போனேன். வழியில் இரண்டு தரம் நிறுத்தினோம். தங்கராஜ் கட்டிலில் இருந்தார். அவருடைய மனைவி பாக்கியம் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஏறவில்லை என்பதை, கல்யாணச் சாப்பாட்டை, பொய் எழுதியதை, பொலிசில் சொல்லிவிட்டதை.

தங்கராஜ் தன் வலது காலைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப நான் மிதிச்சேனாங்க?"

"மிதிச்சீங்க தங்கராஜ். சரியாத்தான் மிதிச்சீங்க. வண்டிதான் புடிக்கல."

அவர் நல்ல கையால் துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார். அழும்போது உடைந்த எலும்பு வலித்திருக்க வேண்டும், நடுவில் நடுவில் பல்லைக் கடித்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் என்னை ஏசவில்லை.

பாக்கியம் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். சத்தம் உயர்த்தாமல்தான் பேசினார்.

"வந்ததுல இருந்து சொவத்துல அந்தக் கால வச்சு மிதிச்சுக்கிட்டே இருக்காருங்க. சோறு போட்டாலும் மிதிக்கிறாரு, படுத்தாலும் மிதிக்கிறாரு. என்னா பண்றீங்கன்னு கேட்டா, மிதிச்சேனான்னு பாக்குறேங்கிறாரு." தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தினார். "இத மொத நாளே வந்து சொல்லியிருக்கலாமேங்க."

நான் கட்டிலின் கால்மாட்டுச் சுவரைப் பார்த்தேன். ஒரு பாதம் அளவுக்கு வெள்ளை உதிர்ந்து, உள்ளே இருந்த மண் தெரிந்தது.